மூன்றாம் பக்கத்துப் படம்

1

இன்று என் தம்பி சாமுவின் நினைவு நாள். ஆம்பூரில் இருந்திருந்தால் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சிலுவையைக் கழுவி, சாமந்தி மாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அப்படியே கம்பெனிக்கு நடந்திருப்பேன். இங்கிலாந்தின் வடக்கில், எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கும் இந்த ஊரில், அவனுக்கு ஒரு போட்டோதான் உண்டு. வேலை முடிந்து வந்து கணப்புக்கு மேலே உள்ள பலகையில் மெழுகுவத்தியை வைத்தேன். நாலு மணிக்கே ஜன்னல் இருட்டிவிட்டது.

மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தபோது என் மகள் எஸ்தர் ஒன்று சொன்னாள். ஆறு வயதுப் பிள்ளை. சொல்லிவிட்டு ரொட்டி தின்னப் போய்விட்டாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. என் மனைவி ரோசியிடம் வாயால் சொல்ல முடியாத விஷயம். அதனால் ஊரில் இதைப் படிக்கப் போகிற உங்களுக்கு எழுதுகிறேன். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

எங்கள் தெருக்காரர்கள் படித்தால், "தாசு அப்பவே பயந்தாங்கொள்ளிதானே" என்பார்கள். உண்மைதான். இங்கேயும் காஸ் அடுப்பின் குழாயை மூன்று முறை திருகிப் பார்க்காமல் நான் வீட்டை விட்டு இறங்குவதில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்ததும் உண்டு. ரோசி வாசலிலேயே நிற்பாள்.

"இன்னொரு தபா பாத்துட்டுப் போங்க. பாவம், நீங்க இல்லாம அது பயந்துக்கும்."

2

ரோசியும் எஸ்தரும் கப்பலேறி வந்தது போன வருஷம். நான் அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே வந்துவிட்டேன். கடல் கடந்து வந்தும் தோல் கம்பெனி வேலைதான். தெரிந்தது அது ஒன்றுதானே. அதே சுண்ணாம்பு, அதே நாற்றம். நம் ஊரில் வெயிலில் காயும் தோல் இங்கே கொதிநீராவிக் குழாய் ஓடும் அறையில் காய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எஸ்தரைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்றைக்கே விண்ணப்ப பாரத்தில் தகராறு. பேருக்கு ஒரு கட்டம், குடும்பப் பேருக்கு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பேர்? தாஸ் என்று என் பேரையே எழுதினேன். ஞானஸ்நானச் சீட்டில் அந்தப் பேர் இல்லையே என்றார்கள். சீட்டு தமிழில் இருக்கிறதே என்றார்கள். ஒன்றரை மாதம் நடந்து, ஒரு பாதிரியாரைக் கெஞ்சி, ஒரு முத்திரை வாங்கிக் கொடுத்த பிறகுதான் பிள்ளை வகுப்புக்குள் போனாள்.

போனவள் அங்கே வாயைத் திறக்கவில்லை. வீட்டில் நிறுத்தாமல் பேசுகிறவள், பள்ளியில் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று டீச்சர் சொன்னாள். சொல்லிக் கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது. பழுப்பு உறை. பழுப்பு உறை என்றால் சர்க்கார் காகிதம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதை பஷீர் பாயிடம் நீட்டினேன்.

பஷீர் பாய் என்னோடு தோல் இறக்குகிறவர், பெஷாவர் பக்கத்து ஆள். ஆம்பூர் சாயபுமார்களிடம் கேட்டுக் கேட்டு வந்த என் உருதுவை முதல் நாள் கேட்டபோது அவர் ரொட்டி புரையேறுகிற மாதிரி சிரித்தார். அன்றிலிருந்து தோஸ்த். கடிதத்தைப் படித்த அன்று அவர் சிரிக்கவில்லை. கல்வி ஆபீசிலிருந்து ஓர் அம்மாள் வந்து எஸ்தரைப் பரீட்சை பார்க்கப் போகிறாள். தேறாவிட்டால், ஊருக்கு வெளியே இருக்கும் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். மந்தமான பிள்ளைகளுக்கான பள்ளி.

"என் பெரியவன் அங்கதான் இருக்கான்," என்று உருதுவில் சொன்னார். "மூணு வருஷமா மணி கோக்கறான். வந்தப்ப கணக்குல புலி, தாஸ். பாஷை வரல, அதான் கோளாறு. இப்ப அவனே தன்னை முட்டாள்னு நம்பிட்டான். அந்த ஸ்கூல் பஸ்ஸுல ஏத்தினா அப்புறம் எறக்க மாட்டாங்க."

ரோசியிடம் முழுதும் சொல்லவில்லை. பரீட்சை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஆறு வயசுக்கு என்ன பரீட்சை என்றாள். காலையில் கம்பெனிக்குப் போகும் வழியில் அந்தப் பள்ளியின் மஞ்சள் நிற பஸ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அதுவரை அதை நான் கவனித்ததே இல்லை. கடிதம் வந்த பிறகு தினம் என் கண்ணில் பட்டது.

3

டீச்சர் நல்லவள். பரீட்சையில் எது வரும் என்று ஜாடை காட்டுகிற மாதிரி ஒரு படப் புத்தகத்தை எஸ்தரின் பையில் வைத்து அனுப்பினாள். பெரிய பெரிய படங்கள். உலகத்தில் உள்ள சாமான் எல்லாம் மூன்று விதம் என்று சொல்லிக்கொடுக்கிற புத்தகம். முதலில் கெட்டியானது: ஒரு பாளம் பனிக்கட்டி. அடுத்து ஓடுகிறது: ஒரு தம்ளர் தண்ணீர். மூன்றாவது, கெட்டில் கொதிக்கிறது, அதன் மூக்கிலிருந்து பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு குஞ்சம், அதுதான் காஸ். கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கம்பெனி இங்கிலீஷ். டிரம், வால்வு, லோடு, ஷிஃப்ட், சாரி. அந்த இரண்டு வரியில் இதில் ஒன்றுகூட இல்லை.

நான் பள்ளியில் இருந்த கொஞ்ச காலத்தில் எங்கள் வாத்தியாரும் இதே பாடத்தை எடுத்தது நினைவு வந்தது. யுத்த காலம். படப் புத்தகம் ஏது? கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டு, "இது பனிக்கட்டி" என்றார். நாங்கள் யாரும் பனிக்கட்டியைப் பார்த்ததில்லை. ஆம்பூர் வெயிலில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தது தோலுக்குப் போடும் கல்லுப்பு மூட்டைதான். அதனால் உப்பு என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அந்த வருஷமே கம்பெனியில் தோலிலிருந்து உப்பு உதறப் போய்விட்டேன். பல வருஷம் பனிக்கட்டி என்றால் எனக்குள் உப்புதான்.

என் பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது. அவள் பார்த்ததை வைத்தே அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நானே ஒரு புத்தகம் செய்தேன். பழைய காலண்டர் தாள்களின் முதுகுப் பக்கம், கம்பெனியில் வீசி எறிந்த ஒரு தோல் துண்டு அட்டைக்கு, மெழுகு தடவிய நூலால் செருப்பு தைக்கிற மாதிரி தையல். முதல் பக்கத்தில் அம்மிக்கல், வெல்லம், விறைத்துக் காய்ந்த ஆட்டுத்தோல் என்று வரைந்தேன். இரண்டாம் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டில், நடுவில் பாலாறு. ரோசி எட்டிப் பார்த்தாள்.

"இது இன்னாது?"

"பாலாறு."

"பாலாத்துல எங்கங்க தண்ணி? மண்ணுதான கெடக்குது. அத மொத பக்கத்துல போடுங்க."

எஸ்தர் விழுந்து சிரித்தாள். அப்புறம் அவளே அலமாரிக்குப் போய் எங்கள் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள். இங்கத்துக் குளிருக்கு உள்ளே வெள்ளையாக இறுகிக் கிடந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

"ப்பா, இதுவும் தப்பு. இதுவும் மொத பக்கம்."

"ஊர்ல ரெண்டாவது பக்கம், இங்க மொத பக்கம்," என்றாள் ரோசி. "நம்மள மாதிரி."

பாட்டிலைக் கணப்புப் பக்கத்தில் வைத்து உருக வைத்துக் காட்டினேன். எஸ்தர் கன்னத்தில் கை வைத்து, விளிம்பு இளகுவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். மந்தமான பிள்ளை இப்படியா பார்க்கும்? இந்த ஊரில் நான் நிம்மதியாக மூச்சுவிட்ட சாயங்காலம் அது.

4

மூன்றாம் பக்கம் காலியாகவே இருந்தது. கெட்டிலும் வெள்ளைக் குஞ்சமும் வரைய எவ்வளவு நேரம் ஆகும்? கை வரவில்லை. இரண்டு காரணம். ஒன்றைத்தான் எஸ்தரிடம் சொன்னேன்.

வந்த புதிதில் கம்பெனியில் ஒரு நீராவிக் குழாயில் ஊசித் துளை விழுந்தது. புசுபுசுவென்று வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. வெள்ளையில் படாமல் ஓரமாகத்தான் கையை விட்டு வால்வைப் பிடிக்கப் போனேன். முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. ஃபோர்மேன் திட்டியதில் எனக்கு விளங்கியது இது: வெள்ளையாகத் தெரிவது ஆறிப்போய்த் துளித் துளியான தண்ணீர், அதில் கை ஈரமாகும், கொஞ்சம் சுடும். துளைக்கும் வெள்ளைக்கும் நடுவில், ஒன்றுமே தெரியாத அந்த அரை சாண் இடத்தில்தான் அசல் சரக்கு, அந்தக் கொதிநீராவி, இருக்கிறது.

வீட்டுக் கெட்டிலை வைத்து இதை எஸ்தருக்குக் காட்டினேன். மூக்கை ஒட்டி ஒன்றும் தெரியாது. ஒரு விரல்கடை தள்ளித்தான் வெள்ளை ஆரம்பிக்கும். வெள்ளையில் கரண்டியைப் பிடித்தேன், நனைந்தது.

"அப்ப வெள்ள ரெண்டாவது பக்கமா?"

"ஆமா. அது தண்ணிப் பொடி."

"காஸ் எங்க?"

"நடுவுல ஒண்ணும் இல்லாத மாதிரி கீதே, அதுதான்."

வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் புத்தகத்தின் காலிப் பக்கத்தைத் திறந்து, "அதான் நீ படம் போடலயா?" என்றாள். ஆமாம் என்றேன்.

இன்னொரு காரணம் சாமு.

ஊரில் கம்பெனியில் இருந்தவர்களுக்குத் தெரியும். பல நாள் மூடிக் கிடந்த கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய ஆள் இறங்குவதற்கு முன்னால் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். அடிவரை எரிந்துகொண்டு போனால் இறங்கலாம். திரி சுருங்கி அணைந்தால் உள்ளே கெட்ட காற்று. அன்றைக்கு வேலை இல்லை. பயந்தவன் என்பதால் விளக்கு விடுகிற வேலையை மேஸ்திரி என்னிடம்தான் கொடுத்திருந்தார்.

நயா பைசா வந்த மறு வருஷம். பண்டிகை லீவு முடிந்து குழியை மூடியிருந்த பலகையை நகர்த்தினோம். உச்சி வெயில் நேராகக் குழிக்குள் விழுந்தது. அடியில் கிடந்த துருப்பிடித்த கொக்கி வரைக்கும் தெரிந்தது. விளக்கு அந்தக் கோடியில், பாய்லர் கொட்டகையில் இருந்தது. சாமு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார்.

"இன்னாண்ணா, வெளக்கு எங்க?"

"இந்த வெயில்ல வெளக்கு இன்னாத்துக்குடா? அடி வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது பாரு. ஒண்ணும் இல்ல. எறங்கு."

"நீயா பேசற? நல்லா கீது," என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். ஐந்தாவது படியிலோ ஆறாவது படியிலோ கை தானாக விட்டது. அண்ணா என்றுகூடக் கூப்பிடவில்லை.

விளக்கு விட்டுப் பார்த்தீர்களா என்று எல்லோரும் கேட்டார்கள். விட்டேன், எரிந்தது என்று சொன்னேன். மேஸ்திரியிடம், போலீஸிடம், அம்மாவிடம், அப்போது வயிற்றில் எஸ்தரைச் சுமந்திருந்த ரோசியிடம். எதற்கெடுத்தாலும் பயந்த நான் என் ஆயுளில் பயப்படாமல் இருந்த நேரம் அந்த ஒரு நிமிஷம்தான். சம்பளத்துக்காகச் சீமைக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். அந்தக் குழியைத் தாண்டி வேலைக்குப் போக முடியாமல்தான் கப்பலேறினேன்.

5

பரீட்சை அன்று பெற்றோரும் வரலாம் என்றார்கள். அரை நாள் லீவு போட்டு, சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ஆபீஸ் அம்மாள் கண்ணாடி போட்டவள், கடுகடுப்பு இல்லை, அவசரம்தான். எஸ்தருக்கு முன்னால் பெரிய படத் தாளை விரித்தாள். அதே மூன்று படங்கள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

சாலிட் எது என்று கேட்டாள். எஸ்தர் பனிக்கட்டியைத் தொட்டாள். லிக்விட் எது? தம்ளரைத் தொட்டாள். தொட்டுவிட்டு, விரலை எடுக்காமல் தாளின் மேலேயே இழுத்துக்கொண்டு போய் வெள்ளைக் குஞ்சத்தையும் தொட்டாள். அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கினாள். காஸ் எது? எஸ்தர் கெட்டிலின் மூக்குக்கும் வெள்ளைக்கும் நடுவில், அச்சு விழாத வெறும் தாளில் விரலை வைத்தாள்.

சரியான இடம். நான் மட்டும்தான் அந்த அறையில் அதைச் சரி என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி கேட்டாள். மறுபடி வெறும் தாள். மூன்றாம் முறை எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, விரலைத் தாளின் ஓரத்தில் படமே இல்லாத இடத்துக்கு நகர்த்தினாள். அம்மாள் எழுத ஆரம்பித்தாள்.

நான் எழுந்து நின்றேன். வால்வு என்றேன். ஹாட் என்றேன். நோ சீ, நோ சீ என்றேன். கோட்டுக் கையை மடக்கி முழங்கைத் தழும்பைக் காட்டி, வாயால் ஊதிக் காட்டினேன். அந்த அம்மாள் தழும்பைப் பார்த்தாள். பிறகு எஸ்தரின் இரண்டு கைகளையும் இழுத்து, உள்ளங்கையையும் முழங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிள்ளைக்கு நான் சூடு வைக்கிறேனா என்று தேடுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர்தான் எங்களுக்காக ஏதோ பேசினாள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று ஆபீஸ் அம்மாள் டயரியில் குறித்துக்கொண்டாள். அதுவே கடைசி வாய்ப்பு.

பஷீர் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரியா இருக்கலாம், தாஸ்," என்றார். "சரின்னு வெச்சு இன்னா செய்யப் போற? பஸ்ஸுக்கு அது தெரியாது."

6

அன்று சாயங்காலமே மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கெட்டில் வரைந்து, அதன் மூக்கிலேயே, இடம் விடாமல், பஞ்சை ஒட்டினேன். எஸ்தர் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"ப்பா, அது தண்ணிப் பொடி. நீதான சொன்ன."

"இனிமே இதான் காஸ்."

"கரண்டி நனஞ்சுதே."

"நனஞ்சா நனையட்டும். யார் கேட்டாலும் இத காட்டு. இந்த வெள்ளய."

"அப்ப நீ பொய் சொன்னியா?"

அடுப்படியிலிருந்து ரோசி என்னையே பார்த்தாள். அதற்குள் அவளுக்கும் பஸ் விஷயம் தெரிந்துவிட்டது. "அப்பாவுக்குத் தப்பா தெரிஞ்சிருந்துது, கண்ணு," என்றாள். "அப்பா எந்த ஸ்கூலுக்குப் போனாரு? உங்க டீச்சர் சொல்றதுதான் சரி."

நான் தலையை ஆட்டினேன்.

ஏழு நாள் அதே பக்கம். காஸ் எங்க? வெள்ள. காஸ் எங்க? வெள்ள. முதல் இரண்டு நாள் அவள் விரல் பழைய இடத்துக்குத்தான் போனது. மணிக்கட்டைப் பிடித்து நானே நகர்த்தி வைத்தேன். நாலாம் நாள் தானாகப் போனது. பிறகு கேள்வியை முடிப்பதற்குள் போனது.

தேறிவிட்டாள். மறுபடி ஒரு பழுப்பு உறை வந்தது. பஷீர் பாய் படித்துவிட்டு என் தோளைத் தட்டி, "இதே பள்ளிதான், இதே பள்ளிதான்," என்றார். அவர் கண் கலங்கியது எங்களுக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ரோசி கேசரி கிளறினாள். எஸ்தர் இப்போது பள்ளியில் பேசுகிறாள். வீட்டில்தான் பேச்சு குறைந்துவிட்டது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. நான் ஏதாவது சொன்னால் முன்னே மாதிரி ஏன், எப்படி என்று கேட்பதில்லை. "டீச்சர்கிட்ட கேக்கறேன்," என்கிறாள். தோல் அட்டை போட்ட புத்தகம் அவள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

7

இன்று மெழுகுவத்தி ஏற்றியதும் எஸ்தர் வந்து போட்டோவை அண்ணாந்து பார்த்தாள். மெழுகு உருகி வழிந்து தட்டில் இறுகுவதை நகத்தால் தொட்டுக்கொண்டே, "சித்தப்பா எப்பிடி செத்தாரு?" என்று கேட்டாள். இதற்கு முன்னால் கேட்டதில்லை. ரோசி மாவு பிசைகிற கையோடு கதவோரம் வந்து நின்றாள்.

"கம்பெனில ஒரு குழி இருந்துது. அதுல எறங்கினாரு. உள்ள காஸ் இருந்துது."

"நீ அங்க இருந்தியா?"

"மேல நின்னுக்கிட்டு இருந்தேன்."

எஸ்தர் மெழுகிலிருந்து நகத்தை எடுத்தாள். நான் ஏழு நாள் மணிக்கட்டைப் பிடித்துப் பழக்கிய அதே விரலால் காற்றில் ஒரு குஞ்சம் வரைந்தாள்.

"காஸ் வெள்ளையா இருக்குமே, ப்பா. நீ பாக்கலயா?"

ரோசி என் முகத்தைப் பார்த்தாள். இல்லை கண்ணு, அது தெரியாது, ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கத்தில் பஞ்சு ஒட்டியவன் நான்.

"பாக்கல," என்றேன்.

"பாத்திருக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் ரொட்டி தின்னப் போய்விட்டாள்.